கூப்பிட்டால்தான் உள்ளே

"வாயத் தொறந்து கூப்புடு தாயீ. தலைய ஆட்டினா எனக்குத் தெரியாது."

சாந்தோம் சாலையில் ஒரு வீட்டு வாசலில் முனியம்மாள் நிற்கிறாள். தலையில் மீன் கூடை, கையில் கழி. வீட்டு அம்மாள் வராந்தாவிலிருந்து தலையை அசைத்தாயிற்று, கையையும் காட்டியாயிற்று. இரும்புக் கேட்டு அகலத் திறந்துதான் கிடக்கிறது. ஆனாலும் கழியின் நுனி வாசல் கல்லுக்கு இந்தப் பக்கமே ஊன்றியிருக்கிறது. கடைசியில் அந்த அம்மாள் சிரிப்பும் எரிச்சலுமாக, "உள்ளே வாயேன் முனியம்மா!" என்று குரல் கொடுக்கிறாள்.

முனியம்மாள் எதிர்ச்சாரிக்குத் திரும்புகிறாள். அங்கே ஜட்காக்காரர் அக்பர் பாஷா குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"பாய், கேட்டுக்கினியா?"

"கேட்டேன், கேட்டேன். நீ இன்னா கவர்னர் பொஞ்சாதியா? மேளம் கொட்டி இட்டுக்கினு போணுமா?"

"மேளம் வாணாம். நாளைக்கு எவனாவது கேட்டா வந்து சொல்லு, போதும்."

அதன் பிறகுதான் கழி உள்ளே போகிறது. அதன் பின்னால் வலது கால். அதற்கும் பின்னால், கட்டி இழுத்த மூட்டை போல, இடது கால்.

முன்பெல்லாம் எந்த வீட்டிலும் கதவு என்று ஒன்று இருப்பதையே அவள் கவனித்ததில்லை. தோட்டத்துப் பக்கமாக நேரே சமையற்கட்டு வாசலுக்குப் போவாள். கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு அன்றைக்கு எந்த மீன் என்பதையும் தானே தீர்மானிப்பாள். "வஞ்சிரத்தத் தொடாதே, நேத்தித்து. சங்கரா எடு." பூனைக்கு ஒரு தலை எறிவாள். பிலிப் சார் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி சேர்க்க மாட்டார்கள், அன்று மீன்தான். அதையும் முனியம்மாள்தான் கொண்டு போவாள். வெள்ளிக்கிழமை அவளை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவளுக்கு ரோஷம் வந்திருக்கும். நாலு பேரிடம் வாங்குகிறவர்கள் அல்லவா கூப்பிடுவார்கள்?

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிலிப் சார் தோட்டத்தில் பதுங்கு குழி ஒன்று வெட்டினார். பிறகு அதில் பதுங்காமல் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டார். முனியம்மாள் குப்பத்திலேயே இருந்தாள். "கடல்ல குண்டு வுழுந்தா மீனு தானா மேல வரும், நல்லதுதானே" என்றாள்.

பயம் தெளிந்து அவர்கள் திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு ஆடு குழியில் விழுந்தது. இன்னொரு ஆடு விழுந்துவிடக் கூடாதே என்று பிலிப் சார் தென்னோலையைப் பரப்பி மூடி வைத்தார். பால்காரனிடம் சொன்னார், தோட்டக்காரனிடம் சொன்னார், வண்ணானிடமும் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்தது. சமையற்கட்டில் புகை தெரிந்தது. முனியம்மாள் வழக்கம்போல் உள்ளே போனாள்.

பிலிப் சாரின் மனைவி மர்சலின் அலறிக்கொண்டு ஓடி வந்ததையும், ஓலையோடு குழிக்குள் விழுந்து கிடந்தவளைத் தூக்கிவிட்டு அழுததையும் முனியம்மாள் மறைப்பதில்லை. "அழுதாங்க, அதுக்கு இன்னா. நல்ல மனுசிதான்." முனியம்மாளின் முறிந்த இடுப்பெலும்பு கோணலாகக் கூடிப் போயிற்று. சிதறிய மீனைக் கழுவி அந்த வீட்டில் மத்தியானம் குழம்பு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை அல்லவா?

நஷ்ட ஈடு கேட்டு அவள் போட்ட வழக்கை மயிலாப்பூர் வக்கீல் கோதண்டபாணி எடுத்து நடத்தினார். சட்டத்தில் எல்லாம் ஒரு சொல்லில்தான் தொங்குகிறது என்று அவர் சொன்னார். வீட்டுக்காரர் கூப்பிட்டு ஒருத்தி வந்தால், அவள் காலுக்கு அவர் பொறுப்பு. தானாக நுழைந்தால் அவள் பாடு. ஆகையால் 'அம்மா கூப்பிட்டாங்க' என்று ஒரே ஒரு வாக்கியத்தை அவளுக்குப் பாடம் பண்ணி வைத்தார்.

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்: "அன்றைக்கு உன்னை யார் கூப்பிட்டார்கள்?"

"வெள்ளிக்கிழமை என்னை யாருய்யா கூப்புடுவாங்க? நானா போவேன். அது எங்க வூடு மாதிரி."

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்திக்கொண்டாள். எதிர்க்கட்சி வக்கீல் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அழைப்பின்றி அத்துமீறி நுழைந்தவள் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்ததும் கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கூப்பிட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"அது பொய்யி சாமி."

"பொய்யாவது! உன் கால் பொய்யா?"

அவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. இன்றும் மீன் அரிந்துகொண்டே யாரிடமாவது அதைக் கேட்பாள். "கூப்புடாதவ மீனு தொண்டையில எப்படி எறங்கிச்சி? அத்த ஒருத்தனும் கேக்கலியே."

வெள்ளிக்கிழமைதோறும் பிலிப் சார் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். "மீனேய்" என்று குரல் கொடுப்பாள். காத்திருப்பாள். போய்விடுவாள். அந்த வீட்டுச் சமையல்காரி மார்க்கெட்டுக்குப் போகிறாள். முனியம்மாளை வாயால் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் மறுபடி வழக்குக்கு இடம் கொடுத்தது போலாகும் என்று பிலிப் சாரின் கண்டிப்பான உத்தரவு.

"உனுக்கு இன்னாதான் வோணும்?" என்று அக்பர் பாஷா கேட்டார்.

"அவங்க துட்டு வாணாம் பாய். தெரு கேக்க ஒருவாட்டி கூப்புடட்டும். நான் திருட்டுத்தனமா பூந்தவ இல்லன்னு ஆவட்டும்."

போன வெள்ளிக்கிழமை கடல் சீறியதில் படகு எதுவும் இறங்கவில்லை, மார்க்கெட் காலி. முனியம்மாளின் கூடையில் மட்டும் எங்கோ தேடிப் பிடித்த கொஞ்சம் சங்கரா கிடந்தது. மர்சலின் தட்டும் கையுமாக மூடிய கேட்டு வரைக்கும் வந்தாள். வயதாகிவிட்டது அவளுக்கும்.

"கூப்புடும்மா," என்றாள் முனியம்மாள், அதட்டாமல்.

மர்சலினின் உதடு அசைந்தது. வீட்டுக்குள்ளிருந்து பிலிப் சாரின் இருமல் கேட்டது. அசைந்த உதடு மூடிக்கொண்டது. காசைத் தட்டில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தட்டைச் சாய்த்துக் கம்பிகளுக்கிடையே வெளியே நீட்டினாள்.

முனியம்மாள் காசை எடுத்து முடிந்துகொண்டாள். தட்டில் மீனை அடுக்கினாள். அடுக்கிய தட்டைத் தன் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அதைச் சாய்க்காமல் உள்ளே கொடுக்க முடியாது, சாய்த்தால் மீன் நிற்காது. இருவருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மர்சலினம்மா!" முனியம்மாளின் குரலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. "கேட்டத் தொறந்து வெளிய வாங்க! நான் கூப்புடறேன்!"

"கேட்டேன்," என்றார் தெருவில் ஜட்காவை நிறுத்தியிருந்த அக்பர் பாஷா, யாரும் கேட்காமலே.

கேட்டு கிறீச்சிட்டுத் திறந்தது. முந்தின இரவுக் காற்றில் முறிந்த ஓலை ஒன்று வாசல் கல்லை ஒட்டி விழுந்து கிடந்தது. மர்சலின் காலை எடுத்து வைக்குமுன் முனியம்மாள் கழியால் அதை ஒதுக்கித் தள்ளினாள். அடியில் தரை இருக்கிறதா என்று ஒரு முறை தட்டியும் பார்த்துக்கொண்டாள்.