ஓர் எழுத்துக் குறைந்த துப்பாக்கி

அகாத்தா கிஸ்லர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஷேகன் ஆற்றின் மேட்டுக்கரையில், மலைமேல் இருந்த பண்ணைகளுக்கும் கீழே இருந்த சாலைக்கும் இடையில் கம்பிவடத்தில் ஓடும் தொட்டியை இயக்குவது அவள் வேலை. பால் பாத்திரங்கள் இறங்கும், மாவு மூட்டைகள் ஏறும். முழங்கால் வலிக்கும் நாட்களில் பாதிரியாரும் ஏறுவார்.

அவளுடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் பட்டாளப் பயிற்சி முடித்துத் துப்பாக்கியோடுதான் வீடு திரும்பினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு அது உண்டு. மழைக்குடை மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில் அதுவும் சாய்ந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் அதைத் தோளில் மாட்டி, சைக்கிள் ஏறி, சுடுதளத்துக்குப் போவார்கள். பெண்களுக்குப் பட்டாளம் ஒன்றும் கொடுக்கவில்லை. தம்பி ஒருநாள் தன்னுடையதைக் கொடுத்துச் சுடவிட்டான். முதல் குண்டே கறுப்பு வட்டத்தில் விழுந்தது. பிறகு தம்பி சூரிச் நகரத்துக்குக் குடிபோனான், துப்பாக்கியும் அவனோடு போனது. அகாத்தாவுக்குத் தம்பி போனதைவிட அது போனதுதான் உறுத்தியது.

நாற்பது தாண்டியபோது அவள் ஆல்ட்டோர்ஃப் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போய், பொதுமக்களுக்கென்று செய்த அதே துப்பாக்கியைக் கேட்டாள்.

"பட்டாளத்துக்குப் போறதும் இதே பட்டறையில செஞ்சதுதான்" என்றார் கடைக்காரர். "ஒரே ஒரு எழுத்துதான் இதுல கிடையாது."

துப்பாக்கியின் பக்கவாட்டில் இருந்த சிறு குமிழைக் காட்டினார். பட்டாளத்துத் துப்பாக்கியில் அங்கே மூன்று எழுத்துகள். ஒன்று பூட்டு, ஒன்று ஒற்றைக் குண்டு, மூன்றாவது விரலை எடுக்கும்வரை பொழிந்துகொண்டே இருப்பது. இதில் மூன்றாவது எழுத்து இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"குறிப்பலகை சுடறவங்களுக்கு அது எதுக்கு? அதை விட்டுட்டுப் பார்த்தா ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க."

அவளுக்கு அதுவே போதும். தேவையில்லாத ஒரு துண்டு அதில் இல்லை. முன்னால் ஊன்றும் இரண்டு கால், அதிர்ச்சி தாங்கும் கறுப்பு ரப்பர் அடிப்பாகம், கையுறை போட்ட விரலுக்கென்று அடியில் மடித்து வைத்திருக்கும் நீண்ட பனிக்கால விசை, எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. யாரிடமும் இரவல் கேட்காமல் அவளுக்கென்று அமைந்த முதல் பொருள் அது. வீட்டுக்கு வரும் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

சுடுதளத்தில் கேலிக்குக் குறைவில்லை.

"என்ன அகாத்தா, அடுத்து பட்டாளத்துக்கே கிளம்பிருவ போலிருக்கே?"

"நீங்கெல்லாம் போயிட்டு வந்த லட்சணத்தைப் பார்த்தா, நான் போறதுதான் நாட்டுக்கு நல்லது" என்றாள். அதற்குப் பிறகு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சுடுகிறவர்கள் ஆற்றின் இந்தப் பக்கம் கொட்டகையில் படுத்துக்கொள்வார்கள். பலகைகள் எதிர்ச்சரிவில். பலகைகளுக்குக் கீழே மண்மேடு, அதன் மறைவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் மெல்க் ஹெர்கர் நிற்பான். ஒவ்வொரு குண்டுக்கும் நீளக் கோலால் துளை விழுந்த இடத்தைக் காட்டுவான், பிறகு காகிதம் ஒட்டி மூடுவான். அகாத்தாவோடு பள்ளியில் படித்தவன். ஒரு காலத்தில் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான், அவள் சிரித்துவிட்டாள். அதன்பிறகும் தொட்டிக் கொட்டகைக்கு வந்து சாராயம் விட்ட காப்பி குடிப்பதை அவன் நிறுத்தவில்லை.

வசந்தத்தில் ஒரு ஞாயிறு, தெற்கிலிருந்து ஃபோன்காற்று இறங்கியது. அந்த வெப்பக்காற்று இறங்கினால் மலைகள் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், மாடுகள் பால் கொடுக்காது, ஊரே தலையைப் பிடித்துக்கொள்ளும். அகாத்தா ஒரு குண்டு சுட்டாள். மெல்க்கின் கோல் நடுவட்டத்தைக் காட்டியது. இறங்கவில்லை. மறுபடி எழுந்து கறுப்புக்குக் கீழே இன்னோர் இடத்தைக் காட்டியது. கொட்டகையில் டெலிபோன் அடித்தது.

"அவ பலகையில யார் சுட்டது?" என்றான் மெல்க்.

"யாரும் சுடல" என்றார் சங்கத் தலைவர் அம்ப்ரோஸ்.

"துளை ரெண்டு இருக்கு."

எல்லாத் துப்பாக்கிகளையும் பார்த்தார்கள். சுட்டது அவளுடையது மட்டும். எல்லார் காதிலும் விழுந்தது ஒரே சத்தம். அடுத்த ஃபோன்காற்றிலும் அப்படியே ஆனது, அதற்கடுத்ததிலும். வேறு துப்பாக்கியை அவள் சுட்டால் ஒன்று, அவளுடையதை வேறு யார் சுட்டாலும் ஒன்று. அவளும் அதுவும் சேர்ந்தால்தான் இரண்டு. கடைக்காரர் அதைத் திருகு திருகாகப் பிரித்துப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். எந்தத் துளைக்கு மதிப்பெண் என்று சங்கத்தில் பெரிய சண்டை. மேலே இருப்பதற்குத்தான் என்று அம்ப்ரோஸ் தீர்ப்புச் சொன்னார். "அகாத்தாகிட்ட ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் அவள் பக்கத்தில் படுப்பதை மட்டும் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள்.

அகாத்தா அவர்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. சுட்டபிறகு கட்டைவிரலால் அந்த வழவழப்பான இடத்தைத் தொட்டால், சுற்றியிருந்த இரும்பு குளிர்ந்திருக்க, அங்கே மட்டும் சூடாக இருந்தது.

ஒருநாள் மெல்க் பழைய பலகைத்தாளைக் கழற்றிக்கொண்டு வந்தான். காப்பி ஆறும்வரை அகாத்தா அதையே பார்த்தாள். அவள் குண்டுகள் நடுவில் கொத்தாக இருந்தன. கூடவே விழுந்த இரண்டாம் துளைகள் கறுப்புக்கு அடியில் தொடங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒழுகும் தண்ணீர்போல நேர்கோட்டில் தாளின் விளிம்புவரை இறங்கியிருந்தன.

"இது கீழ எறங்குது, மெல்க்."

"காத்து தள்ளுது."

"காத்து பக்கவாட்டுலதான் தள்ளும். பலகைக்குக் கீழ என்ன இருக்கு?"

"மண்ணு."

"மண்ணுக்குப் பின்னால?"

மெல்க் கோப்பையைக் கீழே வைத்தான். "நான்" என்றான்.

அவன் தாளைச் சுருட்டினான். பிறகு அவனே சொன்னான்: "அதுக்காகத் திருவிழாவை விட்டுறாத. அவ்வளவு மண்ணைத் துளைச்சுக்கிட்டு எதுவும் வராது. நீ பாட்டுக்குச் சுடு."

கோடைத் தொடக்கத்தில் ஊர்கூடிச் சுடும் திருவிழா. காலையில் காற்றில்லை. அகாத்தா சுட்டதெல்லாம் நடுவில், ஒவ்வொன்றுக்கும் ஒரே துளை. கடைசிக் குண்டு மட்டும் பாக்கி. அது கறுப்பில் விழுந்தால் அம்ப்ரோஸையே முந்திவிடுவாள். அப்போது கொட்டகைத் தகரம் படபடத்தது. வெப்பக்காற்று பிடரியில் மோதியது.

அவள் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். ஒற்றைக் குண்டுக்கான எழுத்தில் நின்றது. அதற்குமேல் அது திரும்ப வழியே கிடையாது. அவள் விரலடியில் அது திரும்பியது. சத்தமில்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல, எழுத்தில்லாத இடத்துக்குப் போய் நின்றது.

குறியின் வழியே பார்த்தாள். பலகை இல்லை. பழுப்பு மண்மேடு தெரிந்தது. அவள் தாழ்த்தாமலே துப்பாக்கி தாழ்ந்திருந்தது.

விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். தோட்டாவைக் கழற்றி வெளியே போட்டாள், எழுந்தாள்.

"என்னம்மா, ஒரு குண்டு பாக்கி இருக்கே" என்றார் அம்ப்ரோஸ்.

"பாக்கியாவே இருக்கட்டும்."

"கை நடுங்கிருச்சு" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அவள் திரும்பவில்லை.

மெல்க் பாலத்தைத் தாண்டி அவளைத் தேடி வந்தான். முகம் மாவாக வெளுத்திருந்தது.

"ஏன் சுடல?"

அவள் துப்பாக்கியின் முன்கால்களை மடித்தாள்.

"நான் உக்காந்துட்டேன், அகாத்தா. பள்ளத்துல இதுவரைக்கும் உக்காந்ததே இல்ல. யாரோ என்னையே பார்க்கற மாதிரி இருந்துச்சு. மண்ணு வழியா."

அதன்பிறகு அவள் சுடவில்லை. விற்றுவிடலாம் என்று ஒருமுறை அதைத் தோளில் மாட்டிப் பேருந்து நிறுத்தம்வரை போனாள். யார் கைக்காவது போய்ச் சேருமே என்று நினைத்துத் திரும்பிவிட்டாள். அது பாதிக் காரணம். மீதி, அதைப் பிரிய மனம் வரவில்லை. இரும்புக்கு இவ்வளவு அழகு ஆகாது என்று மெல்க்கிடம் ஒருமுறை சொன்னாள்.

பல வருஷம் கழித்துச் சங்கம் புதுப் பலகைகள் வாங்கியது. குண்டு விழுந்த இடத்தை இயந்திரமே காட்டிவிடும், பள்ளத்தில் ஆள் வேண்டாம். அதைச் சொல்ல அம்ப்ரோஸ் அவள் சமையலறைக்கே வந்து, சுவரலமாரியில் முதுகைச் சாய்த்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இப்ப அங்க ஒருத்தரும் நிக்கறதில்ல. பயமில்லாம வந்து சுடலாம்."

அகாத்தா காப்பியை ஊற்றினாள்.

"அதான் யோசிக்கிறேன், தலைவரே. அங்க ஆள் இல்லேன்னா, அது வேற எங்கயாவதுதானே தேடும்?"

அம்ப்ரோஸ் சிரித்தார். "அதை எங்க வச்சிருக்க இப்ப?"

அவள் மோவாயை உயர்த்தி அவர் முதுகுப்பக்கம் காட்டினாள். மீதிக் காப்பியை அவர் ஜன்னலோரம் நின்று குடித்தார்.