மருந்து போடாத ஒரு தோட்டா

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை. லண்டன், ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் தனியாக இருந்து தோட்டா நிரப்பப் பழகிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

காரணம் மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இலக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்து, ஒருநாள் பதக்கத்துடன் வீட்டுக்கு வந்தாள். நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இதை இஞ்சை கொண்டு வராதை" என்றேன். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்து மெல்பேர்ண் போய்விட்டாள். அங்கிருந்து தாயுடன்தான் கதைப்பாள். நான் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளுடைய சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி எத்தனை நாள் இருக்க ஏலும்? நானும் இங்கே ஒரு கழகத்தில் சேர்ந்தேன். முதல் மாதம் ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு பழகிவிட்டது. போலீஸ் அனுமதியும் கிடைத்தது. இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க விடமாட்டார்கள். ஆனால் கைத்துப்பாக்கித் தோட்டாவையே கட்டையான ரைஃபிளில் போட்டுச் சுடலாம். மகள் மெல்பேர்ணில் தன் கைத்துப்பாக்கிக்கு அந்தத் தோட்டாவைத்தான் தானே நிரப்புகிறாள் என்று மனைவி சொன்னாள். அன்றே நானும் பழகுவதென்று முடிவெடுத்தேன்.

கழகத்தில் ஒருவர் தோட்டா நிரப்பும் பழைய கைப்பிரஸ் ஒன்றைத் தந்து, இரண்டு நாள் காட்டியும் கொடுத்தார். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதில் வெடிமருந்து போட்டபின், குண்டை வைத்து அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் மருந்து இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதை மட்டும் ஒருநாளும் விடாதே என்றார்.

அன்று தட்டில் பாதிக் கோதுகளுக்கு மருந்து போட்டிருப்பேன், என் போன் அடித்தது. மகள். என்னுடைய போனுக்கு அவள் எடுத்தது அதுதான் முதல் தடவை. எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டேன். புது வீட்டைப் பற்றி, பல்கனியில் வைத்த மிளகாய்க் கன்றைப் பற்றி இருபது நிமிடம் கதைத்தாள். திரும்பி வந்து மிச்சத்தை நிரப்பினேன். டோர்ச் அடித்துப் பார்த்த நினைவில்லை. அவள் சொன்னதெல்லாம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கழகத்தில் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வெடி மட்டும் 'டொக்' என்று அடங்கிப்போனது. பரவாயில்லை என்று அடுத்த தோட்டாவை ஏற்றக் கை போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பெண் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என் கையின் மேல் தன் கையை அழுத்தி வைத்தார். எனக்கு அவரை முன்பின் தெரியாது.

"நிற்பாட்டுங்கள். அடுத்ததைச் சுட வேண்டாம்" என்றார் ஆங்கிலத்தில்.

பொறுப்பாளர் வந்து பார்த்தார். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு, கோதின் அடியில் உள்ள சின்னக் கேப்பின் வெடியில் மட்டும் நகர்ந்து, துப்பாக்கிக் குழாயின் நடுவில் சிக்கி நின்றது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் என் முகத்துக்கு முன்னால் வெடித்திருக்கும். அந்தப் பெண் என்னை மர வாங்கில் இருத்தித் தன் பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தார். நிரப்பும்போது என்ன நடந்தது என்று கேட்டார். மகள் போன் எடுத்தாள் என்றேன். அவர் ஏசவில்லை. புருவத்தில் இருந்த தழும்பைக் காட்டி, தனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது, தான் அன்று நிற்பாட்டவில்லை என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமையே மகளுக்கு நானாகப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பதக்கத்தை வாங்காமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். "அப்பா, இனி மருந்து போடேக்க போனை வீட்டுக்குள்ள வச்சிட்டுப் போங்கோ" என்றாள். "நீங்கள் எடுக்காட்டி நான் திரும்ப எடுப்பன்."

சொன்னபடியே போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் இப்போது கராஜுக்குப் போகிறேன்; வீட்டுக்குள் அது அடிப்பது சில நாள் கேட்கும், எழும்பி ஓடவேண்டும் போல் இருக்கும், ஆனாலும் அவள் திரும்ப எடுப்பாள் என்று நம்பி இருந்த இடத்திலேயே இருக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.