நீலப் பலகை

அப்பாவுக்கு இயற்கைக் காட்சிகள் மேல் ஒரு பிரியமும் இருந்ததில்லை. பாரிசின் லா சப்பலில் எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் தண்டவாளங்கள் தெரியும். பதினைந்து வருடமாக அவர் பார்த்த காட்சி அதுதான், அதுவும் சிகரெட் பிடிக்கும் நேரத்தில் மட்டும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கோடையில், தெற்கே கடலுக்குப் போகிற வழி கண்ணுக்கு வடிவாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு அப்போது பத்து வயது. அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நம்பியதால்தான் அவர்மேல் அவ்வளவு கோபமும் வந்தது.

வாகனம் அவரோடு உணவகத்தில் வேலை செய்த ஒருவருடையது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள பழைய கம்பிங் கார்; பத்து நாளைக்கு இரவல் தந்திருந்தார். அம்மா அதற்குள் அரிசிமா, மிளகாய்த்தூள், இடியப்ப உரல் என்று அரைக் குசினியை ஏற்றிவிட்டார். பிரான்சை மேலிருந்து கீழ்வரை கடக்கப் போகிறோம். ஓட்டோரூட் எனும் பெருஞ்சாலையில் ஏறினால் ஒரே நாளில் கடலைக் காணலாம். அப்பாவோ ஊர்களுக்குள்ளால் வளைந்து வளைந்து போகும் பழைய வீதியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதற்கு நான்கு நாள் வேண்டும்.

"பெரிய றோட்டிலை என்ன கிடக்கு? சின்ன றோட்டாலை போனால்தான் வடிவு" என்றார்.

எனக்கு வடிவு வேண்டாம், வியாழக்கிழமைக்கு முன்னர் கடல் வேண்டும். என் வகுப்புச் சிநேகிதி அதே கடற்கரையில் தன் குடும்பத்தோடு கூடாரம் அடித்திருந்தாள். வியாழன் காலை அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். செப்டெம்பரில் அவள் வேறு ஊருக்கு, வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வருவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இதை நான் பிரெஞ்சில் மூன்று தரம் சொல்லி அழுதேன். அப்பா தமிழில் ஒரே தரம் இல்லை என்றார்.

எங்களோடு சித்தியும் வந்தார். அம்மாவின் தங்கை. இலங்கையில் சண்டை முடிந்த அடுத்த வருட மாரியில் ஊரிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தவர். என் அறையில்தான் படுப்பார். சித்தப்பா பிறகு வருவார் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவருடைய உடுப்புகளுக்கென்று என் அலுமாரியில் ஒரு தட்டை அம்மா காலியாக்கி வைத்திருந்தார். அதில் என் கொப்பி ஒன்றை வைத்தாலும் ஏச்சு விழும். சித்தி அதிகம் கதைப்பதில்லை. ஒரு சின்னக் கைப்பை எந்நேரமும் அவருடைய மடியில் இருக்கும், சாப்பிடும்போதும்.

வாகனம் ஓடும்போது வீதிப் பலகைகளை வாசிப்பது அப்பாவுக்குக் கஷ்டம். அதனால் வரைபடத்தோடு என்னை முன் இருக்கையில் இருத்தி, ஒரேயொரு வேலை தந்தார். வெள்ளைப் பலகையும் பச்சைப் பலகையும் எங்கள் பாதை. நீலம் வந்தால் ஓட்டோரூட். நீலத்தைக் கண்டவுடன் கத்த வேண்டும்.

திங்களும் செவ்வாயும் நேர்மையாகத்தான் கத்தினேன். சூரியகாந்தித் தோட்டங்கள் வந்தன, பாலங்கள் வந்தன, தேவாலயத்து மணிக்கூண்டுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்பா "பாருங்கோ, என்ன வடிவு" என்பார். எங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடியில், பின்னால் இருந்த சித்தியின் முகத்தை. செவ்வாய் மத்தியானம் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி இடியப்பம் சாப்பிட்டோம். ஒரு வாத்து வந்து சித்தியின் தட்டிலிருந்து ஒரு இடியப்பத்தை அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியது. சித்தி சிரித்தார். பாரிசுக்கு வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். அம்மா எழும்பி வாகனத்துக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். அப்பா லொத்தர் விழுந்தவர்போல எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். ஒரு வாத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நான் நினைத்தேன்.

புதன்கிழமை லியோன் கழிந்து ஒரு பெரிய சுற்றுவட்டம். முன்னாலும் பின்னாலும் லொறிகள். அப்பா அந்தப் பெரிய ஸ்டியரிங் சில்லைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போயிருந்தார். எனக்கு நேரே நீலப் பலகை தெரிந்தது. இதில் ஏறினால் இன்று பின்னேரமே கடல்.

"நீலமோ, பிள்ளை?"

"இல்லை, பச்சை" என்றேன், பிரெஞ்சில்.

அப்பா அந்தப் பக்கம் திருப்பினார். ஒரு நிமிடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த வெளியேறும் பாதையில் இறங்குவம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தப் பாதைக்கு முன்னரே சுங்கச்சாவடி வந்துவிட்டது. வீதி முழுக்க வரிசையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு தடி, அதற்கு முன்னால் மெல்ல மெல்ல ஊரும் வாகனங்கள். மஞ்சள் மேலங்கி போட்டவர்கள் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சித்தி இல்லை. கீழே இறங்கி, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கி, பிளாஸ்ரிக் உறையிட்ட ஓர் அட்டையைக் கையில் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு கூண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கார்களுக்கு இடையில், தனியாக, வரிசையில் நிற்பவர்போல.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன்.

சித்தியைக் கூப்பிட்டு ஏற்றுவார் என்றுதான் பார்த்தேன். அப்பா அப்படிச் செய்யவில்லை. "ரெண்டு பேரும் இறங்குங்கோ" என்றார். "இறங்கி அவவோடை நடவுங்கோ."

அம்மா ஏனென்று கேட்கவில்லை. தன்னுடைய மெத்ரோ அட்டையை எடுத்தார். என் பையில் கிடந்த பள்ளிக்கூடச் சாப்பாட்டு அட்டையை எடுத்து என் கையில் வைத்து, அதை வெளியே தெரியப் பிடிக்கச் சொன்னார். பிரான்சின் பெருஞ்சாலை ஒன்றில், கோடை விடுமுறை நெரிசலில், நாங்கள் மூன்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஹோர்ன் அடித்தார்கள். ஒரு காருக்குள்ளிருந்து என் வயதுப் பெடியன் ஒருவன் விரல் நீட்டிக் காட்டினான். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் எங்களைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். சித்தி அவளிடம் அட்டையை நீட்டினார். அது ஊர் அடையாள அட்டை. அந்த எழுத்துகளில் ஒன்றுகூட அவளுக்கு விளங்கியிருக்காது. அந்தப் பெண் சித்தியின் முகத்தைப் பார்த்தாள், அட்டையை வாங்கினாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்து, போகலாம், மதாம் என்றாள். அம்மாவின் மெத்ரோ அட்டையையும் பார்த்தாள். என் சாப்பாட்டு அட்டையையும் பார்த்தாள்.

தடிக்கு அப்பால் ஓரமாக நின்றோம். அப்பா வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். சித்தி ஏறவில்லை. படியருகே நின்று அம்மாவின் தோளைத் தொட்டு ஏற்றினார், என்னைத் தொட்டு ஏற்றினார். பிறகு நாங்கள் கடந்து வந்த கூண்டுகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"எல்லாரும் வந்தாச்சோ?"

ஊரில் இராணுவச் சோதனைச்சாவடிகளில் வாகனம் தனியாகப் போகும், ஆட்கள் இறங்கி அட்டையைக் காட்டி நடந்து போவார்கள், மற்றப் பக்கத்தில் காத்திருந்து ஏறுவார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். சண்டை முடிந்த நாட்களில் அப்படியொரு சாவடியில் ஆண்களை வேறு வரிசையில் விட்டார்களாம். சித்தி நடந்து மற்றப் பக்கம் வந்து, பொழுதுபடும்வரை வீதியோரத்தில் நின்றாராம். சித்தப்பா வரவில்லை. அப்பா தேடியது தடி இல்லாத வீதியை. அதற்கு அவர் வைத்த பெயர்தான் வடிவு. பச்சை என்று நான் சொன்ன பொய்யை அவர் ஒருநாளும் எடுத்துக் கதைக்கவில்லை. ஏசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. கடலுக்கு நேரமாகிறது என்ற அந்தரமும் அவசரமும்தான். வாகனத்துக்குள் தலைகளை எண்ணினேன். அப்பா, அம்மா, நான், படியருகே நிற்கிற சித்தி. நாலு பேர், கணக்குச் சரி. அந்தப் பயணத்தில் முதல் தடவையாகத் தமிழில் பதில் சொன்னேன்.

"ஓம் சித்தி, எல்லாரும் வந்தாச்சு. ஏறுங்கோ."

அப்பா முன் கண்ணாடி வழியாக வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏறி, கதவைத் தானே சாத்தினார்.