படிவத்தில் எழுதாத சர்க்கரை

ஹைதராபாத்துக்கு வந்த ஆறு வருடத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. குரலைத் தாழ்த்திப் பேச மறந்துவிட்டேன். நாங்கள் இருக்கும் ஹப்சிகுடாவில் காய்க்காரருக்கு நேரே நின்றுகொண்டு, அவருடைய கத்தரிக்காய் சொத்தை என்று விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்வேன். அவர் சிரித்தபடி எடை போடுவார். ஊரில் ரகசியம் பேச மொட்டைமாடிக்குப் போக வேண்டும். இங்கே தமிழே எனக்கு மொட்டைமாடி.

அந்தத் தைரியத்தில்தான் பல் மருத்துவமனையிலும் பேசினேன். போனது மேல்வரிசையில், வலது கோரைப்பல்லுக்கு அடுத்த பல். வேர் சிகிச்சை முடிந்ததுமே, உறை போடாவிட்டால் உடைந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டாவது பிரசவம் முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அம்மா அனுப்பிய சீடை அதுவரை காத்திருக்கவில்லை. நெடுக்காகப் பிளந்த பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிள்ளை பெற்று எழுந்தபோது தம்பிக்கு ஐந்து மாதத்தில் கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போடப்போகிறவள் நான். தாலி கட்டும் படங்கள் அத்தனையிலும் என் வாய் இருக்கும்.

இம்பிளான்ட் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, முப்பத்தொரு கேள்விகளை நோட்டில் எழுதிப் போனேன். டாக்டர் பொறுமைசாலி. எலும்பு போதுமா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும், டைட்டானியத் திருகை எலும்பு பற்றிக்கொள்ள மூன்று நான்கு மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் மேலே பல் என்றார். கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டேன். பிறகு ஒரு படிவம் தந்தார்கள். சர்க்கரை நோய் உண்டா என்று அதில் கேட்டிருந்தது. கர்ப்ப காலத்தில் இருந்தது. பிரசவத்துக்குப் பின் நான் பரிசோதிக்கவே இல்லை. குழந்தை இரண்டு முறை தும்மினால் டாக்டரிடம் ஓடுகிற நான், என் ரத்தத்தை மட்டும் அதன் போக்கில் விட்டிருந்தேன். அம்மாவைப் போனில் அழைத்துக் கேட்டேன்.

“எழுதாதடி. சக்கரைன்னா ஒத்தி வச்சிருவாக. கல்யாணத்துல பொக்கையா நிப்பியா?”

“இல்லைன்னே எழுதிட்டேம்மா.”

படிவத்தை வாங்க நின்றிருந்தார் நரையோடிய பெண் உதவியாளர். அதுவரை என்னிடம் தெலுங்கில் மட்டுமே பேசியவர்.

“சுகர் மொதல் பிள்ளைக்கா, ரெண்டாவதுக்கா?”

காதில் அம்மா ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தாள்.

“நீங்க தமிழா?”

“ஹவ், தமிழ்தான். சிகந்திராபாத். தாத்தா காலத்துலயே ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்துட்டோம். டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“இன்னிக்கு ஸ்கேன் மட்டும்தானே…”

“நக்கோ மா, வேணாம். சுகர் ஏறியிருந்தா புண்ணு ஆறாது, எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது. அது ஆடி வெளியே வந்தா என்ன பண்ணுவே? கல்யாணத்துல கையில பிடிச்சுக்கிட்டு நிப்பியா?”

படிவத்தில் அடித்து எழுதினேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தது. முதலில் சர்க்கரை டாக்டர், பிறகு திருகு என்று அனுப்பிவைத்தார்கள். நீங்கள் இம்பிளான்ட் வைக்கப் போனால், நோட்டு நிறையக் கேள்வி கொண்டுபோங்கள், தவறில்லை. ஆனால் அவர்கள் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள். சர்க்கரை, சிகரெட், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான ஊசி, எல்லாவற்றையும். மறைத்துவைத்துப் பல் வாங்க முடியாது என்று எனக்கு முப்பத்திரண்டாவது கேள்வியில்தான் புரிந்தது.

மூன்று மாதம் சோற்றைக் குறைத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாக நடந்தேன். சர்க்கரை இறங்கியது. திருகு எலும்புக்குள் போனது. கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் ஒன்று தந்தார்கள். முடிச்சுப் போட்டேன், படங்களில் சிரித்தேன். விருதுநகர் மண்டபத்துப் பந்தியில் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாயசத்தோடு வந்த அம்மா குனிந்து கேட்டாள். “நெசப் பல்லு எப்ப வைப்பாக?”

“ஊருக்குப் போனதும் வச்சிருவாகம்மா” என்றேன்.

கரண்டி என் இலைக்கு மேல் ஒரு நொடி நின்றது. பிறகு என்னைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனது. சர்க்கரைக்காகவா, ஹைதராபாத்தை நான் ஊர் என்றதற்காகவா, தெரியவில்லை. வலப்பக்க ஈறுக்குள் திருகு இருந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு, இடப்பக்கமாக அப்பளத்தை மென்றேன்.