டிக்கெட் சுருளின் பின்பக்கம்

என் அக்காவைப் போல ஒரு கண்டக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டி பிதுங்கி வழியும் காலை நேரத்தில் முன்படியருகே நின்று ஒரே ஒரு நோட்டம் விடுவாள். "அறுபத்து மூணு பேரு. ரெண்டு பேர் இன்னும் டிக்கெட் வாங்கல" என்பாள். அந்த இரண்டு பேரும் தாமாகவே கை நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்தாலும் கழுத்தில் விசில் தொங்கும். அதோடுதான் சமையலும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருக்க வேண்டும், அதுவும் நாற்பத்தைந்து வயதுக்குள். மற்ற பாடங்களை முதல் தடவையே தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் மூன்று தடவை காலை வாரிவிட்டது. கடைசித் தடவை முப்பத்திரண்டு மதிப்பெண். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

எனக்குக் கோபம் பொங்கியது. சொல்லிக் கொடுத்தவன் நானல்லவா? கட்டட வரைபட ஆபீசில் கோடு போட்டுப் பிழைப்பவன் நான். கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்ற பத்து நிமிடத்தில் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பார்க்கிறபோதெல்லாம் ஒப்பிக்கச் சொல்வேன். "மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ், ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ" என்று ஸ்டாப் பெயர் கூவும் அதே ராகத்தில் சொல்வாள். ஓர் எழுத்து பிசகாது. அப்படியும் ஃபெயில் என்றால் வாய் சும்மா இருக்குமா? "மரமண்டை" என்றேன். மூன்று தடவையும் சொன்னேன்.

இந்த முறை விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கினோம். சாப்பாட்டு மேசையில் விரித்தேன். x² − 6x + 8 = 0. ஐந்து மதிப்பெண் கேள்வி. விடை நான்கும் இரண்டும். அவள் எழுதியிருந்தது ஏழும் ஐந்தும். பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம்.

உற்றுப் பார்த்தேன். வகுத்தல் கோட்டை ரூட்டுக்குக் கீழே மட்டும் போட்டிருந்தாள். மைனஸ் பியாக வந்த ஆறு, கோட்டுக்கு வெளியே தனியாக நின்றது.

"மொத்தத்துக்கும் கீழ கோடு வரணும்க்கா! மைனஸ் பியையும் சேர்த்துத்தான் வகுக்கணும். இப்படிப் பாதிக் கோடு போட எவன் சொல்லிக் கொடுத்தான்?"

அக்கா தோல்பையைத் திறந்தாள். உள்ளறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கிழியாமலிருக்க டேப் ஒட்டியிருந்தாள். டிக்கெட் மிஷின் சுருளில் கிழித்தது, இரண்டு விரல் அகலம். பின்பக்கத்தில் என் கையெழுத்து.

சூத்திரம் அந்த அகலத்துக்குள் அடங்கவில்லை. மைனஸ் பியை மேல் வரியில் எழுதிவிட்டு மீதியைக் கீழ் வரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். கோடு கீழ் வரிக்கு மட்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதிக் காட்டு என்று ஒரு நாளாவது நான் கேட்டிருந்தால்? எந்நேரமும் ஒப்பி, ஒப்பி என்றேனே தவிர, ஒரு கணக்கையாவது போடவைத்துப் பார்த்தேனா? ஆனாலும் தப்பித்துக்கொள்ளத்தான் வாய் தேடியது.

"புத்தகத்துல கோடு நீளமா இருக்குமே. பார்க்கலையா நீ?"

"பார்த்தேன்டா. கோடு போடறதே உன் தொழிலாச்சே, உனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

"வந்த விடையை வச்சு சரிபார்த்திருக்கலாமே? எக்ஸுக்கு ஏழு போட்டா பூஜ்யம் வருதான்னு?"

"போட்டேனே. பரீட்சை ஹாலுலயே போட்டேன். பதினஞ்சு வந்துச்சு. மூணு தரம் கூட்டினேன், மூணு தரமும் பதினஞ்சு. தம்பி எழுதினது தப்பா இருக்காது, எனக்குத்தான் கூட்ட வரலன்னு நினைச்சுக்கிட்டேன். நீதான் சொல்லுவியே, மரமண்டைன்னு."

ஏழேழு நாற்பத்தொன்பது. அதில் ஆறேழு நாற்பத்திரண்டு போனால் ஏழு. எட்டைச் சேர்த்தால் பதினைந்து. அக்கா சரியாகத்தான் கூட்டியிருந்தாள்.