பிள்ளையாருக்குப் பின்னால் இரண்டு லோரி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் செமோர் பெரிய சடக்கில் மூன்று மோட்டார், இரண்டு லோரி, ஒரு மாட்டுவண்டி... எல்லாம் வரிசையாக நின்றன. அரைமுழப் பிள்ளையார் ஒருவர் சடக்கைக் கடந்துகொண்டிருந்தார்.

மரப் பிள்ளையார். தூக்கி வந்தது பாப்பாத்தி, வயது எட்டு. பின்னால் பள்ளிக்கூடமே வந்தது.

என்ன திருவிழா என்கிறீர்களா? ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே நேரத்தில், ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி ஒன்று பறந்து வந்தது. பாப்பாத்தி கால்வாயில் குதித்துத் தப்பினாள். முழங்கால் கிழிந்தது, சிலேட்டு உடைந்தது. லோரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று நான் திட்டியதை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

அவள் அம்மா அஞ்சலை தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ரப்பர் பால் வாளியோடு ஸ்டோர் வாசலில் நிற்பாள். பிள்ளையைக் கூட்டிப்போக எப்படி வருவது?

"ஸ்கூலு வேணாம்ணே. என்கூட மரம் சீவுற நெரைக்கு வரட்டும். மரத்தடியில உசுரோடயாவது இருக்கும்லா" என்றாள்.

பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிற பிள்ளை! ரப்பர் மரத்தடியில் என்ன செய்வாள்? ஒரு வாரம் நானே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன், அதற்குள் வழி பண்ணுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

போலீஸ் ஆபீசுக்கு மனு கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் விடுகிற கால் மணி நேரம் வண்டிகளை நிறுத்த ஒரு மாத்தா — ஒரே ஒரு போலீஸ்காரர் — வேண்டும். அங்கே குமாஸ்தா வேலை பார்க்கிற கிராணி நம் ஆள்தான். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். சடக்கு வண்டிகளுக்குப் போட்டதாம். பிள்ளைகளை ஓரமாக நடக்கச் சொல்ல வேண்டுமாம்.

எந்த ஓரம்? கால்வாய்க்குள்ளேயா? கத்தினேன். அவர் அடுத்த காகிதத்தை எழுதினார். ஒரு கோயில் ஊர்வலத்துக்கு லைசென்ஸ். கடைசி வரியில், வண்டிகளை நிறுத்த மாத்தா ஒருவர் கூடப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இதுக்கு மட்டும் மாத்தா உண்டா?"

"அது ரூலுண்ணே. சாமி சடக்குல எறங்குனா மாத்தா கூட வரணும்."

எனக்குக் கோபம் சட்டென்று நின்றுபோனது. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

நேரே வாத்தியாரிடம் ஓடினேன். பள்ளிக்கூட அலமாரியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். எதிர்ப்பக்கம், பிள்ளைகளின் வீடுகள் இருக்கிற லயத்தை ஒட்டி ஒரு கோயில் இருக்கிறது. நடுவில் சடக்கு. வேறென்ன வேண்டும்? தினமும் பகல் ஒரு மணிக்கு ஊர்வலம் என்று மனு எழுதினோம். கிராணி படித்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே கொண்டுபோனார். போலீஸ் துரை படித்துத்தான் கையெழுத்துப் போட்டாரா? யார் கண்டது!

செவ்வாய்க்கிழமை வாத்தியார் ஒரு கையில் திருநீற்றுத் தட்டோடு, மறு கையால் மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மாத்தா கையை நீட்டினார். அத்தனை வண்டியும் நின்றது.

முதல் லோரியில் யார்? அதே ஆள். வாயைத் திறந்தேன்... அதற்குள் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, பாப்பாத்தி முன்னால் குனிந்து நின்றான். திருநீறு வேண்டுமாம். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"பூசுறேன். இனிமே மெல்ல வருவீங்களா?"

"வாரேன், தாயி" என்றான். பிள்ளையாரை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, வாத்தியார் தட்டிலிருந்து அள்ளி நெற்றி நிறையப் பூசிவிட்டாள். அப்படியே எட்டிப்போய் லோரிக்கும் ஒரு கோடு இழுத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாத்தாவும் தட்டினார்.

சாமி என்றால் செருப்பைக் கழற்றுகிறோம். பிள்ளை என்றால் ஹாரன் அடிக்கிறோம். நம்மைத்தான் சொல்கிறேன்.

கங்காணியிடம் கெஞ்சி அஞ்சலையும் பார்க்க வந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு, படிக்கட்டும்ணே என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

"மத்தியானம் சாமி கோயிலுக்குப் போயிருச்சு. காலையில ஸ்கூலுக்குத் திரும்பி வரணும்லா?"

மறுபடி ஆபீசுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கிராணி புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்:

"காலையில எத்தன மணிக்குண்ணே கெளம்புறாரு?"