செக்கர் காசு கொடுத்து வாங்கிய படகு

டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் வருகிறவனைப் பின்னந்தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர் செக்கர். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் பரிசோதகர் வேலை. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. கட்டின மனைவியே கோபம் வந்தால், "உங்க செக்கர் புத்திய வாசல்லயே விட்டுட்டு வாங்க" என்பாள். அதெல்லாம் விடுகிற புத்தியா? கடையில் கொடுக்கிற துண்டு ரசீதைக்கூட நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிற ஆள் அவர்.

பிடிபட்டவர்கள் கெஞ்சுவார்கள், அழுவார்கள், மயக்கம் வருகிற மாதிரி நடிப்பார்கள். எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "இத்தனை நேரம் காசு குடுத்தவங்க தோள்ல உக்காந்து வந்தீங்க. இனி கொஞ்சம் நடங்க." சொல்லிவிட்டு பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார். அன்றைக்கே வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அதை நடித்தும் காட்டுவார். அப்போது சின்னப்பெண்ணாக இருந்த மகள் புரையேறும் அளவுக்குச் சிரிப்பாள்.

அதில் ஒரு கதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, டிக்கெட்டைக் குழந்தை வாயில் போட்டு மென்றுவிட்டது என்றாள். "பேச்சு வராத பிள்ளை மேல பழியப் போடுறா பாரு!" என்று செக்கர் பல வருஷம் சொல்லிச் சிரித்தார். அவளையும் உச்சிவெயிலில் இறக்கிவிட்டுத்தான் வந்தார்.

மகள் வளர்ந்து ஒரு கேம் கம்பெனியில் எழுத்து வேலைக்குப் போனாள். கேமில் வருகிறவர்கள் பேசும் பேச்சு, வாங்குகிறவர்களுக்குப் போகும் கடிதம் எல்லாம் அவள் கைதான். நாலு வருஷம் உட்கார்ந்து அவளும் கூட்டாளிகளும் ஒரு படகோட்டி கேம் செய்தார்கள். ஆற்றின் இந்தக் கரையில் ஆளை ஏற்றி அந்தக் கரையில் விட வேண்டும். போகிற வழியெல்லாம் ஏறினவர்கள் ஏதாவது பேசிக்கொண்டே வருவார்கள். கடைசி நடை கரை சேர்ந்ததும் அதில் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரும், மகளின் பெயரும் வரும். செக்கருக்கு அந்தப் பெயரைப் பார்த்தாக வேண்டும். கேம் என்றாலே வேலையற்ற வேலை என்று முகம் சுளித்த மனுஷன், அதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்.

கேம் வெளியாகிற வாரத்தில் மகள் வீட்டுக்கு வந்தாள். மாடியில் குடியிருக்கும் மச்சினனும் இறங்கி வந்தான். செக்கர் மனைவியின் தம்பி. ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். பாட்டோ படமோ கேமோ, காசு கொடுத்து வாங்குவதில்லை என்று சபதம் எடுத்த மாதிரி வாழ்கிறவன். செக்கருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கட்டினவளின் தம்பி ஆயிற்றே என்று சகித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை உங்க பாச்சா பலிக்காது மாமா" என்று மகள் அவனிடம் சொன்னாள். "கம்பெனி பூட்டு வாங்கிப் போட்டிருக்கு. திருட்டு காப்பின்னு தெரிஞ்சாலும் கேம் நிக்காது. நல்லாவே ஓடும். கடைசி நடையில மட்டும் படகு நடு ஆத்துல சுத்திக்கிட்டே இருக்கும், கரையே சேராது. திருடினவன் தானா வந்து, படகு கரை சேரலைன்னு எங்களுக்கு எழுதுவான். எழுதினா மாட்டினான்!"

செக்கர் தொடையில் தட்டி, "அப்படிப் போடு!" என்றார்.

மச்சினன் சிரித்தான். "எந்தப் பூட்டும் மூணு நாள் தாங்காதும்மா. உடைக்கிறவன் உடைச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் அந்தப் பூட்டு யார் வீட்டுல தொங்கும்? காசு குடுத்து வாங்கினான் பாரு, அந்த ஏமாளி வீட்டுல."

"முதல் ரெண்டு வாரம் விக்கிறதுதான் மாமா எங்க பொழப்பே. அது வரைக்கும் தாங்கினா போதும். நாலு வருஷம் கண்ணு எரிய எழுதியிருக்கேன்."

"அதுக்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவாங்களா?"

"செக்கர் ஏறலைன்னா பாதி பஸ்ஸு ஓசியிலதான்டா போகும்" என்று செக்கர் முடித்து வைத்தார். "எனக்கா தெரியாது?"

வெளியான அன்றே முதல் ஆளாகப் பணம் கட்டி வாங்கினார். ரசீதை அச்சடித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டு, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு படகு ஓட்ட உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்னால் மறக்காமல் வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவார். யாரும் பார்க்காத விளக்கு எரியக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். படகு ஓட்ட வைஃபை எதற்கு?

முதல் நாள் படகைப் பாறையில் மோதினார். இரண்டாம் நாளும் அதே பாறை. விரல் சொன்னபடி கேட்கவில்லை. பதினேழாம் நாள் கடைசி நடைக்கு வந்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். படகு நடு ஆற்றுக்குப் போனது, ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்று, இன்னொன்று. "என்னங்க, செக்கு மாடு மாதிரி சுத்துது?" என்றாள் மனைவி.

தன் விரலில்தான் கோளாறு என்று இரண்டு நாள் முட்டிப் பார்த்தார். இந்தப் பொறியைக் கேட்டுத் தொடை தட்டியவர்தான். ஆனாலும் அது தனக்கு விரித்த வலையாக இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ரசீது சட்டைப்பையில் இருக்கும்போது எப்படி வரும்? முடித்துவிட்டு மகளை அசத்தலாம் என்றிருந்ததால் அவளிடம் சொல்லாமல், போனை எடுத்து நேரே கம்பெனிக்கு எழுதினார். 'ஐயா, வணக்கம். என் படகு கரை சேரவில்லை. ஆவன செய்யவும்.'

நாலே நிமிஷத்தில் பதில் வந்தது.

'உங்கள் படகு கரை சேராததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். இத்தனை நேரம் காசு கொடுத்தவர்கள் தோளில் உட்கார்ந்து வந்தீர்கள். இனி கொஞ்சம் நடங்கள்.'

செக்கர் அதை மூன்று முறை படித்தார். முகம் செத்துப்போனது. அந்த வார்த்தை எங்கிருந்து போனது என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் அதை நினைக்கக்கூட அப்போது அவருக்குத் தெம்பில்லை. ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார். மூன்று நிமிஷத்தில் அதே கடிதம். ரசீதோடு, முப்பத்தோரு வருஷம் சட்டையில் குத்தியிருந்த பரிசோதகர் அட்டையையும் படம் பிடித்து அனுப்பினார். அதற்கும் அதே கடிதம், ஒரு எழுத்து மாறாமல்.

என்ன கம்பெனியோ, என்ன பூட்டோ! பஸ்ஸில் ஏறுகிற செக்கராவது நீட்டின டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பான். இந்தச் சூரப்புலிகளுக்கு அதுகூட முடியாது. ரசீது அனுப்பினால் பார்க்க ஒரு ஆள் கிடையாது, எழுதினவன் எல்லாம் திருடன் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதி அடுக்கி வைத்திருக்கிறார்கள். திருடனைப் பிடிக்கத் துப்பில்லை. வாசலில் பணத்தோடு வந்து நிற்கிறவன் கன்னத்தில் அறைகிறார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பாம். இதை விற்றவனும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துதான் விற்றிருப்பான்.

அன்று மாலையே மச்சினன் படி அதிர இறங்கி வந்தான். "மாமா! நான் முடிச்சுட்டேன். நம்ம பொண்ணு பேரு எவ்வளவு பெருசா வருது தெரியுமா? வந்து பாருங்க."

"எப்படிடா முடிச்ச? கரை சேராதே?"

"அது பூட்டு இருக்கிற காப்பிக்கு. எனக்கு வந்ததுல பூட்டையே கழட்டிட்டானுங்க. சொன்னேன்ல, மூணு நாளு."

"திருட்டுப் படகுல ஏறி எம்பொண்ணு பேரப் பாக்கணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல. போடா மேல!"

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செக்கர் மூன்று கடிதத்தையும் அவள் முன்னால் வைத்தார். அவள் படித்தாள். முகம் வெளிறியது.

"வைஃபைய அணைச்சீங்களாப்பா?"

"அணைக்காம? படகு ஓட்ட அது எதுக்கு?"

"ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கும்போதும் பூட்டு நெட்டு வழியா கம்பெனியக் கேக்கும்பா, இது வாங்கினதான்னு. பத்து தடவை பதில் வரலைன்னா திருட்டுன்னு முடிவு பண்ணிடும். ஆபீஸ்ல நெட்டு நிக்கிறதே இல்ல. அதனால யாருக்கும் தோணல. யாருப்பா வீட்டுல போய் வைஃபைய அணைப்பாங்க?"

"நான் அணைப்பேன். என்னை மாதிரி எத்தனை பேரு எழுதினாங்க?"

"ஆயிரத்துக்கு மேல." குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் திருடங்கன்னு நாங்க கேக் வெட்டினோம்."

"சரி. இனி திறந்து விடு."

"ஒரு தடவை திருட்டுன்னு பதிஞ்சா மாறாதுப்பா. விஷயம் தெரிஞ்சதுமே சரி பண்ணச் சொல்லிக் கேட்டேன். சரி பண்ணினா வாங்கினவங்களைத் திருடன்னு சொன்னதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு மேல இருக்கிறவங்க சொல்லிட்டாங்க."

செக்கர் காறித் துப்பாத குறையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார். "இந்தக் கடிதம் நீ எழுதினதுதானே?"

"ஆமாப்பா." அவள் கண் கலங்கியது. "நல்லா உறைக்கிற மாதிரி எழுதச் சொன்னாங்க. நீங்க சொல்றதுதான் ஞாபகம் வந்துச்சு. அத விட உறைக்கிற மாதிரி எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து, "வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு படியேறினார். மச்சினன் இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகக் கம்ப்யூட்டரைப் போட்டான். அவன் படகு ஒரு தடங்கலும் இல்லாமல் ஆற்றைக் கடந்தது. கரை தட்டியது. பெயர்கள் வந்தன. மூன்றாவது வரியில் மகளின் பெயர். செக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

மச்சினனுக்கு வாய் சும்மா இருக்குமா? "செக்கர் சார், ஏறி உக்காந்துட்டீங்க, டிக்கெட் எங்க?"

செக்கர் சிரிக்கவில்லை. பையில் கைவிட்டு நாலாக மடித்த ரசீதை எடுத்து அவனிடம் நீட்டினார். "நான் வாங்கினதுடா. தேதி பாரு, முதல் நாள். படிச்சுப் பாரு." மடிப்பைப் பிரித்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

மச்சினன் திகைத்துப்போனான். ரசீதை வாங்காமல் அவர் கையை மெல்லத் தள்ளினான். "அட, விளையாட்டுக்குச் சொன்னேன் மாமா. இதெல்லாம் பாக்கணுமா? நீங்க வாங்கினேன்னு சொன்னா போதாதா?"

போதும் என்று முப்பத்தோரு வருஷத்தில் செக்கர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நீட்டிய ரசீதோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். உச்சிவெயிலில் இறக்கிவிட்ட அந்தக் கைக்குழந்தையின் வாய் எதையோ மென்று அசைந்துகொண்டுதான் இருந்தது. அவர் அன்றைக்கே பார்த்திருந்தார்.